ஏர் ஃபில்டர் டப்பாவில் துளை போடும் வேலையை ஏன் நிறுத்திவிட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள லாரி, லோடு வண்டி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

சித்திரை வெயில் ஏறியதிலிருந்து உங்களில் பலர் ஒரே வேலையைக் கேட்டுப் பட்டறைக்கு வருகிறீர்கள். ஏர் ஃபில்டர் டப்பாவில் துளை போட வேண்டும், அல்லது டப்பாவையே எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்ட வேண்டும், வண்டி நன்றாக இழுக்கும் என்று பக்கத்து ஸ்டாண்டில் சொன்னார்கள் என்கிறீர்கள். சிலர் வீட்டு வாசலிலேயே ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டு, மீதி வேலைக்கு எங்களிடம் வருகிறீர்கள். இந்த வேலையை இனி நாங்கள் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். இருபது வருடமாக வருகிறவர்களிடம் காரணம் சொல்லாமல் "முடியாது" என்று மட்டும் சொல்வது மரியாதை இல்லை. அதனால்தான் இந்த மடல்.

எஞ்சினுக்குக் காற்று முக்கியம் என்று நீங்கள் நினைப்பதில் தவறே இல்லை. நம் பக்கம் நிறைய ஓடும் ஐந்தே முக்கால் லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாமலேயே 5,700 லிட்டர் காற்று உள்ளே போகிறது. தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியின் தொட்டி நிறையக் காற்றை ஒவ்வொரு நிமிடமும் இழுத்து விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். இவ்வளவு காற்று போகிற வழியில் அடைப்பு இருந்தால் வண்டி திணறத்தான் செய்யும்.

ஆனால் டீசல் எஞ்சினில் இழுவையைத் தீர்மானிப்பது டீசல். நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கூடுவது டீசலின் அளவு. அந்த டீசல் எரியப் போதுமான காற்று ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால், அதற்கு மேல் காற்றைக் கூட்டிக் கொடுத்தாலும் இழுவை கூடாது. காற்று குறைந்தால்தான் கரும்புகை, எஞ்சின் சூடு, மேட்டில் திணறல் எல்லாம் வரும். ஆகவே காற்றுப் பாதையில் வேலை செய்து நாம் பெறக்கூடியது, வண்டி இழந்துவிட்ட இழுவையைத்தான். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றையும் பெற முடியாது.

அந்த இழப்பு எவ்வளவு என்பதை அளந்துவிடலாம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 10,330 மில்லிமீட்டர் உயரமுள்ள தண்ணீரின் எடைக்குச் சமம். நல்ல நிலையிலுள்ள ஃபில்டர், முழு லோடில் ஏறும்போது 250 மில்லிமீட்டர் தண்ணீர் அளவுக்குத் தடை கொடுக்கிறது என்று வையுங்கள். அது நூற்றுக்கு இரண்டரை பங்குகூட இல்லை. ஃபில்டரை முழுதாகப் பிடுங்கி எறிந்தாலும் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான். பல டர்போ டீசல் எஞ்சின்களுக்கு ஃபில்டரை மாற்ற வேண்டிய எல்லை 635 மில்லிமீட்டர், அதாவது 25 அங்குலம். அந்த எல்லையைத் தொட்ட அழுக்கு ஃபில்டரிலும் இழப்பு நூற்றுக்கு ஆறு பங்குதான்.

இப்போது வெப்பத்தைப் பாருங்கள். கேபினுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும் குழாய் வெளிக்காற்றை எடுக்கிறது. மே மாதம் அது 40 டிகிரி. டப்பாவை எடுத்துவிட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் கூம்பு ஃபில்டர் மாட்டினால், அது சைலன்சரும் ரேடியேட்டரும் சூடாக்கிய காற்றை எடுக்கும். அது 65 டிகிரி என்று வைத்தால், காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் குறைகிறது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் உள்ள வண்டியில் இந்த இழப்பில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அது இல்லாத வண்டியில் முழு நட்டம். இரண்டரை பங்கு வரவுக்காக ஏழு பங்கைச் செலவழிக்கிற கணக்கு இது.

அப்படியானால் துளை போட்ட அன்றைக்கு வண்டி நன்றாக இழுப்பதாகத் தோன்றியதே என்று கேட்பீர்கள். ஃபில்டர் டப்பா காற்றை வடிகட்டுவதோடு எஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தத்தையும் அடக்குகிறது. டப்பாவைத் திறந்ததும் அந்தச் சத்தம் வெளியே வருகிறது. சத்தம் கூடினால் வேகம் கூடியது போல நம் காதுக்குப் படும். பல வருடம் நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

நம்பியதோடு நிற்கவில்லை, செய்தும் கொடுத்தோம். மேலூர்ப் பக்கம் கல் உடைக்கும் கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றும் ஒரு வாடிக்கையாளர் கேட்டபடி அவர் வண்டியின் டப்பாவில் நான்கு துளை போட்டுக் கம்பி வலை வைத்துக் கொடுத்தோம். அவரும் திருப்தியாகப் போனார். சில மாதத்தில் ஆயில் குறைகிறது என்று வந்தார். பிறகு எஞ்சின் மூச்சுவிடும் குழாயான பிரீதரில் புகை, அதாவது எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் பேக் கம்ப்ரஷன். எஞ்சினை இறக்கிப் பிரித்தபோது பிஸ்டனின் முதல் ரிங் பிளேடு போல மெலிந்திருந்தது. பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் மேல் பகுதியில் நகம் மாட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. தேய்மானம் மேல் ரிங்கிலும் லைனரின் மேல் பகுதியிலும் கூடுதலாக இருந்தால், தூசி காற்று வழியாக வந்தது என்று பொருள். ஃபில்டருக்குப் பிந்திய குழாயைத் தடவிப் பார்த்தேன். விரலில் மாவு போல ஒட்டியது. எஞ்சின் வேலைக்காக அவர் வீட்டு நகையை அடகு வைத்தார். பாதிச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஆனாலும் அவர் வண்டி ஓடாமல் நின்ற நாட்களை எங்களால் திருப்பித் தர முடியவில்லை.

கல் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது ஸ்டீல் பிளேடையே கீறும் கடினம் கொண்டது. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). எஞ்சினைத் தின்பது பெரும்பாலும் 20 மைக்ரானுக்கும் சிறிய துகள். ரிங்குக்கும் லைனருக்கும் இடையில் இருக்கிற ஆயில் படலத்துக்குள் நுழைந்து அரைப்பதற்கு அந்த அளவே சரியாக இருக்கிறது. கம்பி வலையில் வண்டும் வைக்கோலும் சிக்கும். இந்தத் துகளுக்கு அந்த வலை வாசற்கதவைத் திறந்து வைத்தது போல. எஞ்சினுக்கு முன்னால் டர்போ வேறு இருக்கிறது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அலுமினியச் சக்கரத்தின் விளிம்பை இதே தூசி அரித்துவிடும்.

பழைய லாரிகளில், கிண்ணத்து ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் ஃபில்டர் இருந்ததை மூத்த ஓட்டுநர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிண்ணத்தைக் கழற்றி, பழைய ஆயிலைக் கொட்டி, டீசலில் கழுவுவது நான் கிளீனர் பையனாக இருந்தபோது என் வேலை. கிண்ணத்தின் அடியில் களி போல மண் படிந்திருக்கும். குச்சியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவ்வளவு மண் எஞ்சினுக்குள் போகாமல் நின்றிருக்கிறது. இன்றைய காகித ஃபில்டரில் அதை நாம் கண்ணால் பார்ப்பதில்லை, அதனால்தான் அதன் அருமை நமக்குத் தெரியாமல் போகிறது.

உங்கள் கையாலேயே ஒரு நல்ல வேலை செய்ய ஆசைப்பட்டால், அறுப்பதை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபை, பலகையில் கட்டியது போக வண்டி வரை எட்டும் நீளத்துக்கு வாங்குங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறையாத பலகையில் அதை U வடிவில் வளைத்துக் கட்டி, நடுவில் ஸ்கேல் ஒட்டுங்கள். இரண்டு கால்களிலும் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தெளிவாகத் தெரியச் சொட்டு நீலம் இரண்டு துளி விடுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறு முனையை, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில், ஃபில்டர் அடைத்தால் சிவப்பு காட்டும் இண்டிகேட்டர் மாட்டியிருக்கும் துளையில் இணைக்க வேண்டும். அந்த டியூபின் நடுவே ஒரு காலி பாட்டிலை வைத்துவிட்டால், தப்பித் தவறித் தண்ணீர் ஏறினாலும் எஞ்சினுக்குப் போகாது. இண்டிகேட்டர் துளை இல்லாத வண்டியில் நீங்களே துளை போடாதீர்கள். இரும்புத் தூள் நேராக டர்போவுக்குப் போய்விடும். எங்களிடம் கொண்டுவாருங்கள், குழாயைக் கழற்றி வெளியே வைத்துச் செய்து தருகிறோம்.

பிறகு லோடோடு ஏறுங்கள். தேனி சாலையில் ஆண்டிபட்டிக் கணவாய் போதும். நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்த்தால் டர்போ வண்டியில் சரியான அளவு வராது, ஏனென்றால் லோடு ஏறும்போதுதான் டர்போ முழுக் காற்றையும் இழுக்கிறது. பலகையைப் பார்க்க இன்னொருவர் உடன் இருக்க வேண்டும், ஓட்டுநரின் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். ஒரு காலில் தண்ணீர் இறங்கி மறு காலில் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் தடை. 300 மில்லிமீட்டர் வந்தால் ஃபில்டரைத் தொடாதீர்கள். 600-ஐ நெருங்கினால் மாற்றுங்கள். புது ஃபில்டர் போட்ட பிறகும் 500 காட்டினால், குழாய் நசுங்கியிருக்கும், அல்லது வாயில் எதுவோ அடைத்திருக்கும். போன மாதம் வைக்கோல் ஏற்றும் ஒரு வண்டியின் குழாய்க்குள் அணில் கூடு இருந்தது.

தடை சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால், டர்போவுக்குப் பிந்திய பக்கத்தைப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் இழுவைக் குறைவு என்று வரும் வண்டிகளில் நிறைய இங்கேதான் மாட்டுகின்றன. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் வெடித்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. சோப்புத் தண்ணீரைத் தடவி, எஞ்சினை ரேஸ் செய்யச் சொன்னால் நுரை காட்டிக் கொடுத்துவிடும். கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் அப்படியே. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் தேங்காய் நார் ஏற்றுகிறவர்களே, உங்கள் இன்டர்கூலரின் முகத்தைத் தயவுசெய்து பாருங்கள். நாரும் தூசும் சேர்ந்து பாய் விரித்தது போல மூடியிருக்கும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

ஃபில்டரை டயரில் தட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். தினமும் திறந்து ஊதவும் வேண்டாம். கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர், புது ஃபில்டரைவிட நுணுக்கமாக வடிகட்டுகிறது, திறக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே மண் விழ வாய்ப்பும் இருக்கிறது. உள்ளே இருக்கும் இரண்டாவது சிறு ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. டப்பாவின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வை வாரம் ஒரு முறை கையால் பிதுக்கி விடுங்கள், சேர்ந்த மண் கொட்டிவிடும். அது கிழிந்திருந்தால் சிறு தொகையில் புதிது போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஃபில்டருக்குப் பிந்திய குழாயை மாதம் ஒரு முறை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது. துணி வெள்ளையாகவே வந்தால் நிம்மதி.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்த எஞ்சின் காற்றையும் புகையையும் சென்சார்களால் கணக்கிட்டே டீசல் விடுகிறது. பாதையை மாற்றினால் கணக்கு தப்பி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே உயரம் ஏறக்குறைய 2,100 மீட்டர். மதுரையை ஒப்பிட்டால் காற்றின் அழுத்தம் நூற்றுக்கு இருபது பங்கு அளவுக்குக் குறைவு. மேலே போகப் போக வண்டி சோர்வது ஃபில்டரின் குற்றம் இல்லை. ஒரு கியர் குறைத்து ஏறுங்கள்.

கிரஷரிலும் செங்கல் சூளையிலும் ஓடும் வண்டிகளுக்கு, அந்த மாடலுக்கென்றே நிறுவனம் தரும் சுழல் முன்வடிகட்டி கிடைத்தால் மாட்டித் தருகிறோம். கனமான தூசியைச் சுழற்றி முதலிலேயே தள்ளிவிடுவதால் ஃபில்டர் நீண்ட நாள் தாங்கும். காற்றுப் பாதையில் நாங்கள் மனதார ஒப்புக்கொள்ளும் மாற்றம் இது ஒன்றுதான்.

முன்பு எங்கள் பட்டறையில் துளை போட்டுக்கொண்ட வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆடிக் காற்று புழுதியைக் கிளப்புவதற்கு முன் அவற்றைக் கொண்டுவாருங்கள். புது டப்பாவுக்கு உரிய விலையை மட்டும் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம். குழாயைத் துடைத்துப் பார்த்து, பேக் கம்ப்ரஷனும் பார்த்துச் சொல்கிறோம். மற்ற வண்டிகளுக்குத் தடை அளக்கக் கட்டணம் இல்லை. லோடு ஏற்றிய வண்டியாக வந்தால் பலகையோடு நானே உடன் வருகிறேன், போய்த் திரும்ப நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை எட்டு மணிக்குப் பட்டறை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரன்,
மாட்டுத்தாவணி அருகில், மதுரை.