கையெழுத்துக்குப் பிறகு நடப்பதையும் காட்டுங்கள்

அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களையும் சலுகை ஒப்பந்தங்களையும் (பொதுச் சேவையை நடத்திக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தரும் ஒப்பந்தங்கள்) கண்காணிக்கும் அரசு அமைப்புகளுக்கு,

வணக்கம். சாலை, பாலம், குடிநீர் என்று எதையாவது முப்பது வருடத்துக்கு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது, திறப்பு விழாப் படம் தவறாமல் எங்களுக்கு வந்து சேர்கிறது. ஒப்பந்தம் வருவதில்லை. கேட்டால் வணிக ரகசியம் என்கிறீர்கள். டெண்டர் முடிந்து கையெழுத்தும் ஆன பிறகு, கட்டணம் கட்டுகிறவரிடம் மறைக்க என்ன இருக்கிறது?

டெல்லி–நொய்டா பறக்கும் சாலையின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 1997-இல் கையெழுத்தானது, 2001-இல் சுங்க வசூல் தொடங்கியது. திட்டச் செலவில் ஆண்டுக்கு 20 சதவீதம் நிறுவனத்துக்கு வருமானம் வந்தாக வேண்டும். குறைந்தால் அந்தத் துண்டு செலவுக் கணக்கில் ஏறிவிடும். அதாவது, செலவு 100 ரூபாய் என்றால் 20 வர வேண்டும். 12 தான் வந்தது என்று வையுங்கள். மீதி 8 சேர்ந்து கணக்கு 108 ஆகும். மறு வருடம் அதற்கு 20 சதவீதம். கந்துவட்டிக்காரருக்குக்கூட இது தோன்றியிருக்காது!

இந்தக் கணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது எந்தக் கண்காணிப்பு அமைப்பும் அல்ல. நொய்டா குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு. 2016-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. டெண்டரே இல்லாமல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததையும் கண்டித்தது. அதுவரை கட்டியவர்கள் கட்டியதுதான்.

அப்புறம், திருத்தங்கள். எனக்கு அசல் ஒப்பந்தத்தைவிட இவைதான் பெரிய கவலை. லத்தீன் அமெரிக்க சலுகை ஒப்பந்தங்களைப் பற்றி 2004-இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வின்படி, போக்குவரத்து ஒப்பந்தங்களில் 55 சதவீதமும் குடிநீர் ஒப்பந்தங்களில் 74 சதவீதமும் கையெழுத்துக்குப் பிறகு மறுபேரத்துக்குப் போயிருந்தன, அதாவது நிபந்தனைகளை மாற்ற மீண்டும் பேசப்பட்டன. எல்லா மறுபேரமும் மோசடி இல்லை, சரி. ஆனால் டெண்டரில் குறைத்துக் கேட்டு வேலையைப் பிடிப்பது, பிறகு போட்டியே இல்லாத அறையில் உட்கார்ந்து காலத்தையும் கட்டணத்தையும் நீட்டிக்கொள்வது என்ற வழிக்கு அங்கேதான் கதவு திறக்கிறது. கண்காணிப்பு தேவைப்படுவதும் அந்த அறையில்தான்.

வெளியிட்டால் முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள் என்பீர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இத்தகைய ஒப்பந்தங்களை வெளியிடுகிறது. சில வணிக விவரங்களை மட்டும் மறைக்கிறது. அங்கே யாரும் ஓடவில்லை.

ஆகவே ஒப்பந்தத்தையும் பின்னிணைப்புகளையும் முழுதாக வெளியிடுங்கள். ஆண்டுதோறும் எத்தனை வண்டி போனது, எவ்வளவு வசூல், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைக் கட்டணச் சாவடியிலேயே பலகையாக வையுங்கள். எந்தத் திருத்தத்தையும் கையெழுத்துக்கு 30 நாள் முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். திட்டத்துக்கு முதலீடு தேடித் திரியும் அதிகாரியிடமே அதன் கணக்கைச் சோதிக்கும் வேலையையும் கொடுக்காதீர்கள். இவற்றில் முதல் இரண்டுக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
கட்டணம் கட்டும் ஒருவர்