கைபேசியின் விலாசத்தை மாற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசியின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் போலியாகக் காட்டும் செயலிகளைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெருநகரத்து இளைஞர்கள் விளையாட்டுக்குச் செய்கிற காரியம் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. செட்டிநாட்டில் உள்ள எங்கள் பள்ளத்தூர்வரை அது வந்துவிட்டது என்பதையும், வந்த விதத்தையும் சொல்லவே இக்கடிதம்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவார்கள். மற்ற நாள்களில் முகப்பைப் பெருக்கவும், வளவு என்கிற உள்முற்றத்தில் விளக்கேற்றவும், ஓடு நழுவினால் தகவல் சொல்லவும் உள்ளூர்க்காரர் ஒருவர் இருப்பார். எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரின் மகன், சென்ற ஆண்டு வந்திருந்தபோது, இவருடைய கைபேசியில் வருகைப் பதிவுச் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வீட்டைச் சுற்றி நூறு மீட்டருக்குள் நின்று பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

சில மாதங்களில் இவருடைய தங்கை கணவர் மதுரையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஒன்பது நாள் உடனிருக்க வேண்டியதாயிற்று. "லீவு கேட்டா வீட்டை யாரு பாக்கறதும்பாக, அதான் கேக்கலைங்கய்யா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். உறவுக்காரப் பையன் ஒருவன், வாட்ஸ்அப்பில் தனக்கு வந்திருந்த ஏபிகே கோப்பு ஒன்றை, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை, இவருடைய கைபேசியில் ஏற்றி, அமைப்புகளுக்குள் மறைந்திருக்கும், செயலி எழுதுவோருக்கான டெவலப்பர் பகுதியைத் திறந்து, போலி இருப்பிடத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டான். அதன்பின் அந்தக் கைபேசி மதுரையில் இருந்துகொண்டே, தான் பள்ளத்தூரில் இருப்பதாக எல்லாச் செயலிகளிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

அகப்பட்டுக்கொண்ட விதம் எனக்கே வியப்பாக இருந்தது. உண்மையான ஜிபிஎஸ் ஒரே இடத்தில் நிற்காது. திறந்த வானத்தின் கீழேயே ஐந்து மீட்டர் அளவுக்குத் தள்ளாடும்; தடித்த சுவர்களுக்குள் இன்னும் கூடுதலாகத் தள்ளாடும். இவர் அனுப்பியதிலோ ஒன்பது நாளும், காலையும் மாலையும், அட்சரேகையும் தீர்க்கரேகையும் புள்ளிக்குப் பின் ஆறாவது இலக்கம்வரை ஒன்றாகவே இருந்தன. ஆறாவது இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர்தான். எந்த மனிதரும் ஒன்பது நாளும் அதே சாண் இடத்தில் வந்து நின்று பொத்தானை அழுத்துவதில்லை. உரிமையாளரின் மகன் கணினிக்காரர், பார்த்தவுடன் புரிந்துகொண்டார்.

வேலை போகும் என்று பயந்தவருக்கு வேறு பக்கத்திலிருந்து அடி விழுந்தது. அந்த ஏபிகே கோப்பு ஏறும்போதே குறுஞ்செய்திகளைப் படிக்கவும், திரையைக் கையாளவும் அனுமதி கேட்டிருக்கிறது. பையன் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்திருக்கிறான். இருப்பிடத்தை மாற்றுகிற செயலிக்குக் குறுஞ்செய்தியில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. வங்கியிலிருந்து வரும் ஓடிபி வேறொருவருக்கும் போய்க்கொண்டிருந்தது. கணக்கிலிருந்த பதினெட்டாயிரம் ரூபாய் இரண்டு தவணையில் போயிற்று. இரண்டு நாள் கழித்துத்தான் இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோம். புகார் எண் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு வங்கியில் காசாளராக இருந்த நான் பக்கத்து வீட்டில் இருந்தும் இப்படி.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கூடுதல் கவலை தந்தது. கைபேசியில் வங்கிச் செயலி திறக்க மறுக்கவே, அவர் அதைக் காரைக்குடியில் ஒரு கடைக்கு எடுத்துப்போனார். டெவலப்பர் பகுதி திறந்திருந்தாலோ, சந்தேகத்துக்குரிய செயலி இருந்தாலோ பல வங்கிச் செயலிகள் அப்படித்தான் மறுக்கும். கடைக்காரர் அதைச் சொல்லாமல், "ஐஎம்இஐயை மாத்திட்டாச் சரியாயிடும், ஐந்நூறு ரூபா" என்றிருக்கிறார். சரியாகாது என்பது ஒருபுறம் இருக்க, அது குற்றம் என்பதை இவரும் அறியவில்லை, கடைக்காரரும் அறிந்ததாகத் தெரியவில்லை.

ஐஎம்இஐ என்பது பதினைந்து இலக்க எண். முதல் எட்டு இலக்கம் எந்த மாதிரிக் கைபேசி என்பதைச் சொல்லும். அடுத்த ஆறு அந்தக் கருவியின் வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. எங்கள் பக்கத்து மொழியில் சொன்னால் அது கைபேசியின் விலாசம். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பங்களை இன்றும் முன்னெழுத்துகளான விலாசத்தை வைத்தே அடையாளம் சொல்கிறோம்; பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய காலத்தில் அந்த விலாசத்தை நம்பித்தான் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். இன்னொருவர் விலாசத்தைப் போட்டு ஓர் உண்டியல் எழுதியவரை யாரும் கெட்டிக்காரர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். முறையான ஐஎம்இஐ இல்லாத கைபேசிகளுக்கு இணைப்பு தரக்கூடாது என்ற ஆணை 2009 டிசம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. அப்படியிருந்தும் 2020-இல் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் 13,000-க்கும் மேற்பட்ட கைபேசிகள் ஒரே ஐஎம்இஐயில் இயங்கியதைக் காவல்துறை கண்டுபிடித்தது. அவற்றில் ஒன்று திருட்டுப்போனால் எதைத் தேடுவது, எதை முடக்குவது? தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் 42-ஆம் பிரிவின்படி, இத்தகைய அடையாள எண்ணைத் திருத்துவோருக்கு மூன்று ஆண்டுவரை சிறையோ, ஐம்பது லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். திருத்தப்பட்டது என்று தெரிந்தே அத்தகைய கருவியை வைத்திருப்பதும் குற்றமே. ஐந்நூறு ரூபாய் வேலையின் உண்மையான விலை இது.

பழைய கைபேசி வாங்குவோர், பணம் கொடுக்குமுன் *#06# அழுத்தி அந்த எண்ணைப் பார்த்து, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடம்விட்டு அதை அடித்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்டதா, வேறு கருவியிலும் இருக்கும் நகல் எண்ணா என்பது தெரிந்துவிடும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம்.

தன் இருப்பிடத்தை எல்லாச் செயலிகளுக்கும் காட்ட விரும்பாதவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த விருப்பம் நியாயமானது. அதற்கு நேர்வழி கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 முதல் ஒரு செயலிக்குத் துல்லியமான இடத்தை மறைத்து, தோராயமான இடத்தை மட்டும் காட்டலாம். வைஃபையில் இணையும்போது கைபேசியின் மேக் முகவரி என்ற வலைப்பின்னல் அடையாள எண்ணை மாற்றிமாற்றிக் காட்டும் ஏற்பாடு ஆண்ட்ராய்டு 10 முதல் இயல்பாகவே உண்டு; அதுவும் ஒருவகையில் போலி அடையாளம்தான், ஆனால் யாரையும் ஏமாற்றுவதற்காக அன்றிப் பின்தொடர்பவரிடமிருந்து காப்பதற்காக, ஆண்ட்ராய்டைச் செய்தவர்களே வைத்தது. விளம்பரக்காரர்கள் நம்மை அறிந்துகொள்ளப் பயன்படும் விளம்பர அடையாளத்தை அழிக்கலாம். பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி என்று நிறுத்தலாம். இவை எதற்கும் முன்பின் தெரியாதவரின் கோப்பு தேவையில்லை. போலிச் செயலியிலோ, பொய் சொல்வதற்காகக் கொத்துச்சாவியை அப்படியே ஓர் அந்நியரிடம் ஒப்படைக்கிறோம்.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதம் சில ஆயிரம் கொடுத்துவிட்டு, நாளுக்கு இருமுறை இடத்தை நிரூபிக்கச் சொல்லி, விடுப்புக்கு வழியே வைக்காத ஏற்பாடுதான் இந்த மனிதரை அந்தக் கோப்பின் பக்கம் தள்ளியது. இரண்டு தலைமுறையாக அந்த வீட்டுச் சாவியை வைத்திருக்கும் குடும்பம் அது. இதை உரிமையாளரின் மகனிடம் தொலைபேசியில் நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

கைபேசியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமைத்தோம். கடவுச்சொற்களையும் யுபிஐ ரகசிய எண்ணையும் வேறொரு கைபேசியிலிருந்து மாற்றினோம். வருகைப் பதிவுச் செயலி இப்போது இல்லை. மாலையில் விளக்கேற்றியதும் அவர் வீடியோ அழைப்பில் வளவைச் சுற்றிக் காட்டுகிறார். வெளியூர் போவதானால் முதல் நாளே சொல்லிவிடுகிறார்; அந்த நாள்களில் சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.