பத்திரத்தில் வராதவை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. பையனுக்கு வேலை உறுதியானதைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. சாயங்காலம் தெருக்கோடி வரை தனியாகவே போய், அங்கே யாருடனாவது பேசிவிட்டு வருகிறார். உன்னைப் பற்றி அடிக்கடி கேட்பார். இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்றதும், "அவளை ஒரு தடவை வந்து போகச் சொல்" என்று எழுதச் சொன்னார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நகரத்துக்கு வெளியே, ரயிலில் வேலைக்குப் போய் வருகிற தூரத்தில், மரமும் அமைதியுமான இடத்தில் வீடு பார்த்திருக்கிறோம், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கலாம். அப்படி ஒரு இடத்தில் வருஷக்கணக்காக இருக்கிறவள் என்ற முறையில் நம்பித்தான் சொல்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் மனசு லேசாவது உண்மை. இங்கே வந்த பிறகு குழந்தைகள் வளர்ந்த விதமும் வேறு.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வீட்டைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் தெருவின் நிழல், பறவைச் சத்தம், பின்பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை காலி நிலம், நடந்து போகிற தூரத்தில் ஸ்டேஷன். உன் ஆசை இவற்றின் மேல்தான். விலையில் பெரும்பகுதியையும் இவற்றுக்காகத்தான் கொடுக்கப் போகிறாய். ஆனால் பத்திரத்தில் இவற்றில் ஒன்றுகூட வராது. எல்லாம் வேறு யாரோ ஒருவர் கையில் இருப்பவை. அதனால் மூலப்பத்திரம், வில்லங்கம் எல்லாவற்றையும் நல்ல வக்கீலிடம் கொடுத்துவிட்டு, பத்திரத்துக்கு வெளியே இருப்பதை நீங்கள் இருவரும் விசாரியுங்கள். அதை உங்களுக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

முதலில் ரயில். ஜப்பானில் கோபயாஷி இச்சிசோ என்பவர் நடத்திய கம்பெனி 1910-ல் ஒசாகாவிலிருந்து வெளியே ஒரு ரயில் பாதை போட்டது. அந்தப் பக்கம் அப்போது அதிகம் ஆளில்லை. பயணிகள் வேண்டுமே என்று பாதையோரம் நிலம் வாங்கி, தோட்டத்தோடு வீடுகள் அமைத்து, சம்பளக்காரர்களுக்குத் தவணை முறையில் விற்றார்கள். வீட்டை விற்றதும் ரயிலை ஓட்டியதும் ஒரே கம்பெனி என்பதால் அந்த ஊர் நன்றாக இருப்பதில் அவர்களுக்கும் அக்கறை இருந்தது. உனக்கு வீடு விற்கிறவர் வேறு, ரயில் விடுகிறவர்கள் வேறு. விற்கிறவர் "ஸ்டேஷன் பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பத்து நிமிஷத்தை நீயே நடந்து பார். காலை அவசரத்தில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. வழியில் விளக்கு எரிகிறதா, மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும், தனியாக வருகிற பெண் பயமில்லாமல் நடக்க முடியுமா என்றெல்லாம் நடந்தால்தான் தெரியும். விரைவு வண்டி அங்கே நிற்கிறதா, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, ராத்திரி கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்றும் கேள். எங்கள் ஸ்டேஷனில் ஒரு சமயம் கால அட்டவணை மாறி, காலை விரைவு வண்டி நிற்காமல் போக ஆரம்பித்தது. ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்த பிறகுதான் திரும்ப நின்றது. அந்த மாதங்களில் இரண்டு குடும்பங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்கே போய்விட்டன.

செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலியர் 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் எந்தக் காலத்திலும், எந்த வாகனத்திலும், ஒரு நாளைக்குச் சராசரியாகச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். வாகனம் வேகமானால் இன்னும் தள்ளிக் குடியேறுகிறோமே தவிர, நேரம் மிச்சமாவதில்லை. நீ எழுதியிருப்பது வழிக்கு ஒரு மணி நேரம். அதாவது அவர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. அதையும் தாங்கலாம், உட்கார இடம் கிடைத்தால். என் வீட்டுக்காரருக்குப் புத்தகம் படிக்க நேரம் கிடைப்பதே வண்டியில்தான். நின்றுகொண்டே வருகிற நாளில் முகம் கழுவிவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வார். அதனால் அந்த ஸ்டேஷனில் ஏறும்போது வண்டியில் இடம் இருக்கிறதா என்று வேலை நாளில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போனால் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும்.

அப்புறம் மரம். வாசலில் பெரிய மரம் என்று ஆசையாக எழுதியிருக்கிறாய். அது யாருடைய இடத்தில் நிற்கிறது? உன் மதிலுக்கு உள்ளேயா, பக்கத்து வீட்டிலா, பொதுத் தெருவிலா? முதலில் அதைத் தெரிந்துகொள். மண் என்ன மண் என்றும் கேள். களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் வேர் ஈரத்தை இன்னும் இழுக்கும். 1976-ல் இங்கிலாந்தில் கடும் வறட்சி வந்தபோது களிமண் நிலத்தில் இருந்த ஏராளமான வீடுகள் இப்படித்தான் விரிசல் விட்டன. வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடுகிற கோடு இருக்கிறதா பார். கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பார். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுசாக வண்ணம் அடித்திருந்தால் ஏன் என்று கேள். அதற்காக வீடு கைக்கு வந்ததும் மரத்தை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இத்தனை வருஷம் மரம் குடித்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, களிமண் உப்பித் தரையைத் தூக்கும் ஆபத்தும் இருக்கிறது. விவரம் தெரிந்த இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிப் போ. அந்தச் செலவு கட்டாயம் செய்ய வேண்டிய செலவு.

எங்கள் தெருமுனை வீட்டை ஒருவர் வாங்கினார். கார் உள்ளே திரும்ப மரம் இடைஞ்சலாக இருக்கிறது என்று ஆள் கூட்டி வந்துவிட்டார். மரம் அவருடைய இடத்தில்தான் நின்றது, சட்டப்படி தடுக்க யாருக்கும் வழியில்லை. எதிர் வீட்டுப் பெரியவர் சண்டை போடவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், வாசற்கதவை மூன்றடி தள்ளி வைத்தால் கார் தாராளமாகத் திரும்பும் என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினார். புது ஆள் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்று கோடையில் தெரு முழுவதற்கும் அந்த மரம்தான் நிழல். அப்படி ஒரு நிழலைப் புதுசாக வளர்த்தெடுக்க ஒரு தலைமுறை ஆகும். அதனால் அந்தத் தெருவில் எப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது.

பின்பக்கக் காலி நிலம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எபனேசர் ஹோவர்ட் என்று லண்டனில் சுருக்கெழுத்து வேலை பார்த்த ஒருவர், 1898-ல் தோட்ட நகரம் என்ற யோசனையை எழுதி வெளியிட்டார். 1903-ல் லெட்ச்வொர்த் என்ற ஊர் அப்படியே உருவாக ஆரம்பித்தது. மரம், தோட்டம், சுற்றிலும் வயல் என்பதை எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது நிலத்தைப் பற்றி அவர் யோசித்ததால். நிலம் தனித்தனி ஆள் கையில் போகாமல் ஒரே பொது அமைப்பிடம் இருக்க வேண்டும், நிலத்தின் மதிப்பு ஏறினால் அந்த லாபம் ஊருக்கே வர வேண்டும் என்றார். இன்றும் அங்கே ஒரு அறக்கட்டளை நிலத்தின் வருமானத்தை ஊருக்குச் செலவழிக்கிறது. வீட்டின் முகப்பை மாற்றுவதென்றால்கூட அதன் அனுமதி வேண்டும். நீ பார்த்திருக்கும் இடத்தில் அப்படிப்பட்ட காப்பு எதுவும் இருப்பதாக நீ எழுதவில்லை. அந்த நிலம் யாருடையது? நில உபயோகத் திட்டத்தில் குடியிருப்பா, வயலா, சாலையா, என்ன குறித்திருக்கிறார்கள்? அமைதியைத் தேடி நீ போகிற மாதிரி இன்னும் ஐநூறு குடும்பம் வரும், அவர்களுக்கும் வீடு வேண்டும். அது நியாயம்தான். அந்த நிலம் காலியாகவே இருக்கும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் தனியாக விலை கொடுத்துவிடாதே.

சாலையையும் பார்த்துக்கொள். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் 1960-களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களில் போய் விசாரித்தார். வண்டி குறைவாகப் போகிற தெருவில் ஒருவருக்கு அதே தெருவிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி அதிகம் போகிற தெருவில் அந்தச் சராசரி ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. உன் தெரு வழியாக வேறு ஊருக்குப் போகக் குறுக்கு வழி இருந்தால், இன்றைய அமைதி நிலைக்காது. தெரு அங்கேயே முடிந்துவிடுகிறதென்றால் நல்லது.

பணக் கணக்கு உன் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாதத் தவணையோடு இரண்டு பேரின் சீசன் டிக்கெட்டையும், ஸ்டேஷன் வரை போய்வர ஆகும் செலவையும் கூட்டிப் பார்க்கச் சொல், போதும்.

வாங்கின பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு முதல் மாதத்திலிருந்தே போ. ரயில் மனு, மரம், தெருவிளக்கு எல்லாம் அங்கேதான் பேசப்படும். நீ பேசினால் நாலு பேர் கேட்பார்கள், கல்லூரி நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

வீட்டின் வரைபடத்தையும், மண், பின்பக்க நிலம் பற்றி என்ன தெரிந்ததோ அதையும் எழுது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை நாளில் நானும் உன்னோடு வந்து அந்தக் காலை வண்டியில் ஏறிப் பார்க்கிறேன். தேதியை மட்டும் சொல்.

அன்புடன்,
கல்யாணி