அந்த நான்கு மாதங்கள்

தமிழ்நாடு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் கேட், கிரில் செய்யும் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞனை வேலைக்குச் சேர்த்தேன். இருபத்து மூன்று வயதுக்குள் மூன்று முறை சிறைக்குப் போய் வந்தவன். எல்லாம் திருட்டு வழக்குகள், எல்லாம் ரிமாண்ட், அதாவது தீர்ப்புக்கு முந்தைய காவல். கடைசித் தடவை நான்கு மாதம். உள்ளே என்ன செய்வாய் என்று கேட்டேன். "சாப்பிடுவேன், தூங்குவேன், மற்றவர்கள் கேஸ் கதை சொல்வதைக் கேட்பேன் அண்ணா" என்றான். எந்தப் பூட்டை எப்படித் திறந்தார்கள் என்பதுதான் அந்தக் கதைகள்.

என் பட்டறையில் பத்தே நாளில் அவனுக்கு ராடு பிடிக்க வந்தது. மூன்றாம் மாதம் ஜன்னல் கிரில் ஒன்றைத் தனியாக முடித்தான். அன்று எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தமே அதிகம். சிறையில் தூங்கிக் கழித்த நான்கு மாதம் இதற்குத் தாராளமாகப் போதுமே!

உங்கள் துறை செய்வதை நான் அறிவேன். கோவைச் சிறையின் நெசவு, வேலூர்ச் சிறையின் காலணி, புழலில் 2023இல் திறந்த, பெண் சிறைவாசிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் எல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் இவை பெரும்பாலும் தண்டனை பெற்றவர்களுக்கானவை. 2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைப்படி, நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. அது சரியான விதி. விரும்பி வருபவருக்குக் கற்றுக்கொடுக்க அந்த விதி தடையா?

ஜாமீன் எப்போது கிடைக்கும் என்று தெரியாதவருக்கு ஓராண்டுப் படிப்பு உதவாது. பதினைந்து நாளில் ஒரு படி முடிய வேண்டும்: ஆர்க் வெல்டிங், வயரிங், குழாய் வேலை, இரு சக்கர வண்டிப் பழுது. பாதியில் வெளியே போனால், மீதியைப் பக்கத்து ஐடிஐயில் தொடர வழி வேண்டும். சான்றிதழைத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் தரட்டும். அதில் சிறையின் பெயர் எங்கும் வேண்டாம். அந்தப் பெயரைப் பார்த்ததும் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

யாருக்கு எந்தத் தொழில் என்பதிலும் கவனம் தேவை. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துடைப்பம் ஒருவருக்கு, வெல்டிங் இன்னொருவருக்கு என்ற பழைய பழக்கம் பயிற்சிக்குள் நுழைந்துவிடக் கூடாது.

இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஊரில் பைக் காணாமல் போகும்போதெல்லாம் அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். நானும் பின்னாலேயே போய், வருகைப் பதிவேட்டைக் காட்டி அழைத்து வருவேன். எல்லோருக்கும் அப்படி வந்து நிற்க ஆள் இருக்காது. வெளியே வருபவருக்கு முதல் ஆறு மாதமாவது நன்னடத்தை அலுவலர் ஒருவர் துணை நிற்க வேண்டும்.

இன்று என் பட்டறையின் ஆர்கான் வெல்டிங் முழுக்க அவன் கையில்தான். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. சிறைக்குள் வந்து வாரம் ஒரு நாள் கற்றுத்தர அவனும் நானும் தயார். மெஷினையும் நாங்களே கொண்டுவருகிறோம். அனுமதி மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பட்டறைக்காரர்