பேசிக் கெட்ட பாட்டுக்காரர்

நாஷ்வில், டென்னசி
19.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று அறிய ஆவல். "போன இடத்தில் வேலையைப் பார், அரசியல் பேசாதே" என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நான் பேசுவதில்லை. ஆனால் இதே ஊருக்குப் பிழைக்க வந்து, பெயர் வாங்கி, பிறகு பேசிக் கெட்ட ஒருவரைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்த 'கண்ட்ரி' பாட்டுக்கு இந்த ஊர்தான் தலைநகரம். பிராட்வே தெருவில் காலை பதினோரு மணிக்கே மதுக்கடைகளில் கிட்டார் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பாடுகிறவரின் காலடியில் உண்டியல் போல ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தப் பக்கமே போவதில்லை. வியட்நாம் போருக்குப் போய்வந்த அவர், ஞாயிறு மாலைகளில் திண்ணையில் பழைய இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் சொல்லவந்த பாட்டுக்காரர் கிறிஸ் கிறிஸ்டாஃபர்சனின் குரலை முதலில் அங்கேதான் கேட்டேன். சற்றுக் கரகரத்த, சுருதியைப் பற்றி அதிகம் கவலைப்படாத குரல். சொற்கள்தான் ஆளை நிறுத்துகின்றன.

1936இல் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில்லில் பிறந்தவர். தந்தை விமானப்படையில் மேஜர் ஜெனரல். மகன் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபர்டு சென்று ஆங்கில இலக்கியம் படித்து, பின்பு ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிக் கேப்டனும் ஆனார். 1965இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கும் பணி கைக்கு எட்டிய நேரத்தில், அதை உதறிவிட்டுப் பாட்டெழுத நாஷ்வில்லுக்கு வந்துவிட்டார். "இனி நீ எங்கள் பிள்ளை இல்லை" என்னும் பொருள்படப் பெற்ற தாயே அவருக்குக் கடிதம் எழுதினார்.

வந்த இடத்தில் கிடைத்தது கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை பெருக்கிச் சாம்பல் கிண்ணங்களைக் கொட்டும் வேலை. 1966இல் புகழ்பெற்ற பாடகர் பாப் டிலன் அங்கே பாட வந்தபோது இவர் துடைப்பத்தோடு நின்றவர். அந்தச் சம்பளம் போதாமல், மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டியும் பிழைத்தார். பிறகு காலம் திரும்பியது. 1970இல் பாடகர் ஜானி கேஷ் பாடிய பாட்டும், மறு ஆண்டு, பாடகி ஜானிஸ் ஜாப்ளின் மறைந்தபின் வெளிவந்து முதலிடம் பிடித்த 'மீ அண்ட் பாபி மெகீ'யும் இவர் எழுதியவை. அடுத்துச் சினிமா, பணம், குடி. அதை விரிக்க வேண்டியதில்லை.

எனக்கு வியப்பாக இருப்பது வேறு. அவருடைய தொடக்ககாலப் பாட்டுகளில் ஒன்று, வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைச் சாடுவது. அதை எழுதிய அதே மனிதர், கலிஃபோர்னியாவில் சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்துக்காகப் பாடினார். எண்பதுகளில், மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்களுக்கு அமெரிக்கா உதவியபோது, சொந்த நாட்டு அரசையே குற்றம் சாட்டினார். 1986இலும் 1990இலும் வந்த இரண்டு இசைத்தட்டுகள் முழுக்க இந்தக் கோபம்தான். அவை எடுபடவில்லை. உண்மையைச் சொன்னால், அவற்றில் முழக்கம் கூடிப் பாட்டு குறைந்துவிட்டது என்றே எனக்கும் படுகிறது.

பெரியவரின் அலமாரியில் எழுபதுகளின் தட்டுகள் உறை கிழிந்த இடங்களில் ஒட்டுப்போட்டு வரிசையாக நிற்கின்றன. அந்த இரண்டு மட்டும் இல்லை. வாங்கிய வாரமே ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். "இவன் சீருடை போட்டவன், இவனே இப்படிப் பேசலாமா?" என்று கேட்டவர், சிறிது நேரம் கழித்து, "சீருடை போட்டவன் பேசாமல் வேறு யார் பேசுவது?" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு தட்டைத் திருப்பிப் போட்டார்.

இன்னொன்று. 1992 அக்டோபரில், திருச்சபையில் குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கண்டித்துத் தொலைக்காட்சியில் போப்பாண்டவரின் படத்தைக் கிழித்த அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானர், இரண்டு வாரத்துக்குள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் ஏறினார். கூட்டம் ஊளையிட்டது. அந்தப் பெண்ணைக் கீழே அழைத்து வரும்படி கிறிஸ்டாஃபர்சனிடம் சொல்லி அனுப்பினார்கள். அவரோ மேடைக்குப் போய், தோளில் கைபோட்டு, மனம் தளராதே என்று காதருகே சொல்லி, அங்கேயே பாடவிட்டு நின்றார். அந்தக் காட்சிப்பதிவை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

சென்ற ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி, ஹவாயில் தம் வீட்டில், 88ஆம் வயதில் காலமானார். செய்தி வந்த அன்று இரவு பத்து மணி தாண்டியும் பெரியவரின் திண்ணையில் பாட்டு ஓடியது. இங்கே அந்த நேரத்தில் சத்தம் கேட்டால் புகார் செய்வார்கள்; தெருவில் ஒருவரும் செய்யவில்லை.

அம்மாவுக்கு வழக்கம்போல் இதை நீங்கள்தான் படித்துக் காட்டுவீர்கள். நான் விமானம் ஏறிய அன்று அம்மா என்னோடு பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தாய் எழுதிய கடிதத்தைப் பற்றிய வரி வரும்போது, சற்று இருமிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்