ஆசிட்டை வாசலிலேயே நிறுத்து

அன்புள்ள சங்கரா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மெயில் பார்த்தேன். குன்னூர் வீடு, துரை காலத்துக் குளியல் தொட்டி, அதற்குச் சிங்கக் கால் வேறு! தாமிரபரணியில் இறங்கினால் கரையேறாதவனுக்கு இப்போது தொட்டிக் குளியல். கோமதிக்குச் சிரித்து மாளவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் ஆசிட் ஊற்றிப் பளிச்சென்று ஆக்கித் தருவதாக எழுதியிருக்கிறாயே, அதைத் தடுக்கத்தான் இது. போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுவாய்.

முதலில் தொட்டியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார். ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. மேலே வெள்ளையாகத் தெரிவது பெயின்ட் இல்லை. கண்ணாடித் தூளைச் சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கிப் பிடிக்கவைத்த எனாமல். ஆசிட் அதை அரித்துவிடும். அன்றைக்கு வெள்ளையாகத்தான் தெரியும். கையால் தடவிப் பார், சொரசொரக்கும். அப்புறம் அழுக்கெல்லாம் அந்தச் சொரசொரப்பில்தான் போய் உட்காரும். போன பளபளப்பு எந்தப் பாலிஷுக்கும் திரும்பாது. கம்பி நாரும் கூடாது. கீறுவது போதாதென்று, அதிலிருந்து உதிரும் துணுக்கு துருப்பிடித்துப் புதுக் கறை வைக்கும்.

வெந்நீர், பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு, பழைய பனியன் துணி. சோப்புப் படலம் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். போகாத இடத்தில் ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி, பத்து நிமிஷம் ஊறவிட்டு ஈரத்துணியால் துடை. கண்ணாடியைவிட சோடா மிருது, கீறாது. ஆனால் மெதுவாக! உன் கை வேகம் எனக்குத் தெரியும். மாமாவின் ரேடியோவைத் துடைத்தவன்தானே நீ.

குழாய்க்குக் கீழே பழுப்பாக ஒரு கோடு இருக்கிறது என்றாயே, அது துரு. பிளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். சொட்டுகிற குழாய்க்கு முதலில் வாஷரை மாற்று. எலுமிச்சைச் சாற்றை ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டுப் பார்த்து, உடனே கழுவிவிடு. பழைய எனாமல் சில சமயம் அதற்கே மங்கிவிடும். கொஞ்சம் கறை மிஞ்சினால் மிஞ்சட்டும். நம் பல் மட்டும் வெள்ளையாகவா இருக்கிறது?

இனி விளையாட்டில்லை. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். குன்னூர்க் குளிருக்கு ஜன்னலைச் சாத்தியிருப்பாய், உனக்கோ வீசிங். யார் சொன்னாலும் அந்த இரண்டையும் ஒரே அறைக்குள் விடாதே.

பாலு வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? பந்தியில் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன், காரணம் உனக்கே தெரியும். பிளம்பர் வரட்டும், வாஷர் மாற்றட்டும், காபி கொடுத்து அனுப்பு. ஆசிட் கேன் மட்டும் படி தாண்டக் கூடாது. ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணுவேன், எடு.

உன்,
கணபதி