கமரா வாங்க முதல்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பம்மாவுக்கு முழங்கால் வலிதான், வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் ஆவணியில் வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து நல்லூர்க் கோயில் தேருக்கு யார் யார் எந்த வான் வண்டியில் போவது என்று கணக்குப் போட்டபடி இருக்கிறா.

வரும்போது வீடியோ கமரா ஒன்று வாங்கி வருவதாகவும், எதைப் பார்த்து வாங்குவது என்றும் கேட்டிருந்தாய். ஒரு காலம் தோளில் வீ.எச்.எஸ். கமராவைச் சுமந்துகொண்டு ஊர்க் கலியாண வீடெல்லாம் திரிந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கடைக்காரன் படம் துல்லியம், 4கே என்பான், சூம் என்பான். டிஜிட்டல் சூம் என்றால் படத்தை வெட்டிப் பெருப்பிக்கிறது, அவ்வளவுதான். லென்ஸே கிட்ட இழுக்கிற ஒப்டிக்கல் சூம் எவ்வளவு என்று மட்டும் கேள். அதற்கும் முதல், கமராவின் பக்கத்தில் வெளி மைக் செருகுவதற்கு 3.5 மில்லிமீற்றர் ஓட்டை இருக்கிறதா என்று பார். மலிவான கமராக்கள் பலவற்றில் இராது. இல்லையென்றால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பார்.

போன முறை நீ போனில் எடுத்த வீடியோவையே எடு. அப்பம்மா ஒடியற்கூழ் காய்ச்சுவது எப்படி என்று சொல்லிக்கொண்டு இருக்கிறா. முகம் வடிவாக விழுந்திருக்கிறது. ஆனால் கேட்பது ஃபான் சத்தமும் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டரும். “ஒடியல் மாவை முதலே தண்ணியில ஊறவிட்டு” என்பதற்குப் பிறகு என்ன சொன்னா என்று பக்கத்தில் இருந்த எனக்கே பிடிபடவில்லை. அப்பம்மாவின் முகத்துக்கு அல்பம் நிறையப் படம் இருக்கிறது. குரலுக்குத்தான் ஒன்றும் இல்லை.

சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்கு. வாயிலிருந்து ஒரு சாண் கீழே இருந்தால் போதும். சீலைத் தலைப்பில் குத்தினால் துணி உரசுகிற சரசரப்புத்தான் பதியும். தோள் மடிப்பை ஊசியால் இறுக்கிவிட்டு அதன்மேல் குத்தி, வயரை முதுகுப் பக்கமாக விட வேண்டும். ஃபானை நிற்பாட்டு. வேர்க்குது என்று பேசுவா, பேசட்டும், அதுவும் பதியும். ஹெட்போன் ஓட்டையும் இருந்தால் இன்னும் நல்லது, பதிவது அப்போதே காதில் விழும்.

சத்தத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் வசதியும் வேண்டும். தேர் வீதியில் “அரோகரா” கிளம்பும்போது, அளவைத் தானாகப் பிடிக்கிற கமராவில் சத்தம் கிழிந்துபோகும். கோயிலுக்குள்ளே எடுக்க விடமாட்டார்கள், அந்த ஆசை வேண்டாம்.

இன்னொன்று. நீ இருக்கிற கனடாவில் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 தரம் துடிக்கும், இங்கே 50. அங்கே விற்கிற கமரா செக்கனுக்கு 30 அல்லது 60 படம் எடுக்கும். எங்கள் ரியூப் லைற்றின் கீழே அப்படியே எடுத்தால் மினுங்கும், கோடு கோடாக ஓடும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படமும் வெளிச்சம் வாங்குகிற நேரத்தை, 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்தால் அடங்கிவிடும். அதனால் ஷட்டரைக் கையால் மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்கு. சார்ஜருக்குப் பயமில்லை, 100-240 வோல்ற் என்று எழுதியிருந்தால் இங்கேயும் ஏறும். எங்கள் பிளக்குக்கு ஒரு அடாப்ரர் மட்டும் வேண்டும்.

4கே வீட்டு விஷயத்துக்குத் தேவையில்லை. அதற்குக் கீழே உள்ள 1080 இல், செக்கனுக்கு 24 மெகாபிற் என்றால், மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 11 ஜீபீ இடம் போகும். 100 மெகாபிற் 4கே என்றால் 45. பிறகு அதை இங்கத்தை இன்ரநெற்றில் யார் இறக்கிப் பார்ப்பது?

இனிப் போடுகிற விஷயம். யூரியூப்பில் பப்ளிக், அன்லிஸ்டட், பிரைவேற் என்று மூன்று இருக்கிறது. அன்லிஸ்டட் என்றால் தேடினால் வராது, ஆனால் லிங்க் கையில் உள்ள எவரும் பார்க்கலாம். எங்கள் சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் விழுந்தால் விடிவதற்குள் லண்டனும் பாரிசும் பார்த்திருக்கும். கூழ் காய்ச்சுவதற்கு அது பரவாயில்லை. பேத்தி பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீட்டை இங்கே செய்கிற யோசனை உனக்கு இருக்கிறது என்று அம்மா சொன்னா. அந்த வீடியோவை இப்போது எல்லாரும் செய்வதுபோல ஊருக்குத் திறந்துவிட நான் சம்மதிக்க மாட்டேன். பிள்ளையின் முகம், போட்ட நகை, வீட்டு வாசல் எல்லாம் அதில் இருக்கிறது. பிரைவேற்றில் வைத்து, பார்க்க வேண்டியவர்களின் கூகிள் கணக்கை மட்டும் சேர். அதையும் அவளைக் கேட்டுவிட்டே செய். அவள் வேண்டாம் என்றால் பென் டிரைவில் கிடக்கட்டும்.

வீடியோவுக்குப் பின்னால் சினிமாப் பாட்டுப் போடாதே. யூரியூப் தானாகவே கண்டுபிடித்துவிடும், சிலவேளை படத்தையே மறித்துவிடும். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசித்துத்தான் அனுப்பும். டொக்கியுமென்ற் ஆக அனுப்பினால் 2 ஜீபீ வரை அப்படியே வரும்.

அலுமாரியில் உன் கலியாணக் கசற்றுகள் கிடக்கின்றன, மினி டீவீ என்கிற சின்ன டிஜிட்டல் வீடியோக் கசற். ஓடவிட இங்கே ஒன்றும் இல்லை, ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்க முதல் கம்பியூட்டரில் ஏற்ற வேண்டும். மருமகனின் பழைய கமரா வேலை செய்தால் அதையும், அதைக் கம்பியூட்டரில் பொருத்துகிற ஃபயர்வயர் வயரையும் கொண்டு வாருங்கள். சூட்கேசில் இடம் காணாவிட்டால் புதியதை விட்டுவிட்டு அதைக் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா